இடது காலுக்கு மாற்று ஆள் இல்லை

1958 ஏப்ரலில் எங்கள் கிளப் கோல் காக்க இரண்டாவதாக ஒரு கோலியை எடுத்திருந்தால், இந்த விளக்கத்தை நான் எழுத வேண்டி வந்திருக்காது. கூடவே பின்வரிசைக்கு இரண்டு பேர், இடது ஓரத்துக்கு ஒருவன். மொத்தம் நான்கு ஆட்கள். நல்ல நிர்வாகம் உள்ள எந்தக் கிளப்புக்கும் அது பெரிய காரியமில்லை.

நீங்கள் திருவனந்தபுரத்திலிருந்து வந்து மூன்று நாட்களாக எங்கள் யானைக்கால் தடுப்பு அலுவலகத்தின் பழைய பதிவேடுகளைப் புரட்டுகிறீர்கள். நேற்று மாலை இரண்டு காகிதங்களை மேஜையில் அருகருகே வைத்தீர்கள். "ஒரே ஆள், ஒரே வருஷம், இரண்டு முடிவு. இரண்டிலும் உங்கள் கையெழுத்து. என்ன நடந்தது என்று எழுதிக் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம், நான் நாகர்கோவில்காரன்" என்றீர்கள். குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் முழுவதையும் எழுதுகிறேன். விளக்கம் கால்பந்தில் தொடங்குகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் வெங்கிடாசலம். இந்த அலுவலகத்தில் பத்து வருஷமாக மைக்ராஸ்கோப் பார்க்கிறேன். எங்கள் குடும்பம் பாலக்காட்டிலிருந்து வந்தது. கொச்சியின் இந்த மட்டாஞ்சேரிப் பகுதியில் எல்லோருக்கும் நான் சாமி. இதில் மரியாதை பாதி, பழக்கம் பாதி. எனக்கு வெற்றிலை கிடையாது, சீட்டு கிடையாது. பஜார் ஸ்போர்ட்டிங் கிளப் மட்டும் உண்டு. "இந்த ஆத்திலே பதினொண்ணு பேர் கழிஞ்சுதான் நான்" என்று என் மனைவி அனந்தலக்ஷ்மி சொல்வாள். அவள் எண்ணியது தவறு. நான் ரிசர்வ் ஆட்களையும் சேர்த்துத்தான் கவலைப்பட்டேன்.

எங்கள் கிளப் மிளகு கோடவுன் ஆட்களின் கிளப். மூட்டை தூக்குகிறவர்கள், சாக்கு தைக்கிறவர்கள், வள்ளக்காரர்கள். எங்கள் எதிரி போர்ட் கொச்சியிலுள்ள போர்ட் ரோவர்ஸ். அவர்களுக்குத் துறைமுகத்தில் நிரந்தர வேலை, காலில் நிஜமான பூட்ஸ், பதினெட்டுப் பேர் கொண்ட அணி. எங்களிடம் பதினான்கு பேர். இரண்டு கிளப்புகளுக்கும் நடுவே இரண்டு மைல் தூரம். அந்த இரண்டு மைலைத் தாண்டி யாரும் பெண் கொடுத்ததாகக்கூட எனக்கு நினைவில்லை.

வெயில் காலம் ஆள் எடுக்கும் காலம். எங்கள் பக்கத்தில் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கிடையாது. வேலை கொடுத்துத்தான் இழுக்க வேண்டும். கோடவுனில் ஒரு இடம் காலியானால் அதில் மூட்டை தூக்கத் தெரிந்தவனை வைப்பதா, பந்து அடிக்கத் தெரிந்தவனை வைப்பதா என்று முடிவு செய்கிறவர் மேஸ்திரி இசக்கிமுத்து. அவரேதான் கிளப் செயலாளர். அந்த ஏப்ரலில் மூன்று இடம் காலி. ஆகவே மூன்று ஆட்கள் வந்தார்கள். அணிக்கு எத்தனை பேர் தேவை என்பதைச் மிளகு வியாபாரம் தீர்மானித்தது என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

படகுத்துறை அருகே அழகரின் சாயாக்கடையில்தான் இந்த விஷயங்களை நாங்கள் அலசுவோம். இசக்கிமுத்து பட்டியலை வாசித்தார்.

"லெப்ட் அவுட்டு வந்தாச்சு. சென்டர் ஹாப் வந்தாச்சு. ரைட் பேக் வந்தாச்சு. வேற எந்தா வேணும்?"

"சென்டர் ஹாப்புக்கு வயசு என்ன மேஸ்திரி?" என்று அழகர் சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"இருபத்தாறு."

"அவருக்கா, அவரு மகளுக்கா?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் அலுவலகத்தில் விரல் குத்தி ரத்தம் எடுக்கிற ஆறுச்சாமியும் அங்கே இருந்தான். அவன் விடவில்லை. "ரைட் பேக்கு உங்க மச்சான்தானே?"

"மச்சான்னா பந்தைத் தொடக்கூடாதுன்னு சட்டமிருக்கா?"

"தொட்டா சந்தோசம் மேஸ்திரி. தொட மாட்டேங்கறாரே."

நான் கோலி விஷயத்தை எடுத்தேன். ஷீல்டு போட்டி பன்னிரண்டு நாளில் நான்கு ஆட்டம். ஒரே ஒரு கோலியை வைத்துக்கொண்டு எப்படி? அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"அவனுக்கு ஒண்ணும் ஆகாது சாமி" என்றார் அழகர். "அவன் பந்துக்குப் பக்கத்துலயே போறதில்ல."

அந்த வருஷத்து ஆள் எடுப்பில் உருப்படியான ஒரே காரியம் தங்கப்பன். சுள்ளிக்கல்காரன், பத்தொன்பது வயது. அவனுடைய தாய் பேச்சியம்மாள் எங்கள் கோடவுனிலேயே மிளகு புடைக்கிறவள். இடது ஓரத்தில் அவன் பந்தோடு ஓடும்போது, எதிர் அணியின் பின்வரிசை ஆட்கள் விலாசம் தேடுகிறவர்கள் போல நிற்பார்கள். அவனுக்குச் சாக்கு தைக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். "இடது காலு நம்ம கிளப்புக்கு, பாக்கி உடம்பு மேஸ்திரிக்கு" என்று ஆறுச்சாமி சொன்னான். எல்லோருக்கும் அது சரியான பங்கீடாகத்தான் பட்டது.

எங்கள் மதிப்பீடு இதுதான்: பதினொரு பேர் நல்ல நிலையில் இருந்தால் ஷீல்டு எங்களுக்கு. இரண்டு பேர் விழுந்தால் மூன்றாம் இடம். நான்கு பேர் விழுந்தால் ஆட்டத்துக்குப் போகாமலிருப்பதே மரியாதை. இதை நான் ஏப்ரலிலேயே சொன்னேன். மேஸ்திரி கேட்கவில்லை. என் மேல் குற்றம் சாட்டுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இனி என் வேலை. இது உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இந்தக் காகிதத்தை வேறு யாராவது படிக்கக்கூடும். கொச்சியில் யானைக்கால் வியாதி கொசு வழியாக வருகிறது. உடம்பில் புழு இருக்கிறவன் பல வருஷம் குதிரை போலத் திரிவான், அவனுக்கே தெரியாது. ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். அதுவும் பகலில் தெரியாது. இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் அந்தப் புழு ரத்தத்தில் உலாவ வரும். மட்டாஞ்சேரியில் நேரம் தவறாத ஒரே பிராணி அதுதான். ஆகவே ஆறுச்சாமியும் அவன் ஆட்களும் இரவில் வீடு வீடாகப் போய் விரல் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிக் கொண்டுவருவார்கள். மறுநாள் நான் சாயம் ஏற்றிப் பார்ப்பேன். புழு இருந்தால் பெயர் பட்டியலில் ஏறும். பட்டியலில் ஏறியவனுக்குப் பன்னிரண்டு நாள் மாத்திரை.

மாத்திரையில் ஒரு சங்கடம் உண்டு. புழு நிறைய இருக்கிறவன் அதைத் தின்றால் புழுக்கள் சாகும்போது காய்ச்சல் வரும். குளிர், தலைவலி, வாந்தி. நான்கு நாள் எழுந்திருக்க முடியாது. அதன் பிறகு ஒரு வாரம் நடை தள்ளாடும்.

செப்டம்பர் மாதம் ரத்தம் எடுக்க எங்கள் வார்டின் முறை வந்தது. ஷீல்டு போட்டிக்கு நான்கு நாள்தான் இருந்தது. ஆறுச்சாமி கிளப் அறையிலேயே வைத்துப் பதினான்கு பேரின் விரலையும் குத்தினான். மறுநாள் காலை ஸ்லைடுகள் என் மேஜைக்கு வந்தன.

ஐந்து பேருக்கு இருந்தது. கோலிக்கு, சென்டர் பார்வர்டுக்கு, இரண்டு பின்வரிசை ஆட்களுக்கு, தங்கப்பனுக்கு. தங்கப்பனின் ஒரு சொட்டில் ஐம்பத்திரண்டு எண்ணினேன். திரும்ப எண்ணினேன், ஐம்பத்திரண்டுதான். மேஸ்திரியின் மச்சானுக்கு ஒன்றும் இல்லை. நாற்பது வயது சென்டர் ஹாப்புக்கும் இல்லை. கொசுவுக்குக்கூட ஆட்டம் தெரிந்திருந்தது.

பதினான்கில் ஐந்து போனால் ஒன்பது. ஒன்பது பேரைக் கொண்டு பதினொரு பேர் ஆட்டம் ஆட முடியாது. பன்னிரண்டு நாள் மாத்திரை, பன்னிரண்டு நாள் ஷீல்டு. நான் அரைமணி நேரம் யோசித்தேன். பிறகு ஐந்து பேருக்கும் எதிரே 'இல்லை' என்று எழுதினேன்.

நடைமுறையில் ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. 'இல்லை' என்று எழுதிய ஸ்லைடுகளில் பூஜ்யத்தில் முடியும் எண்களை மேலதிகாரி மறுபடி பார்ப்பார். எங்கள் சென்டர் பார்வர்டின் ஸ்லைடுக்கு எண் 340 விழுந்திருந்தது. அந்த ஸ்லைடு கைதவறி உடைந்தது. கண்ணாடி உடையக்கூடியதுதான்.

ஆறுச்சாமி பட்டியலைப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்தான்.

"பதினாலும் கிளீனா சாமி?"

"கிளீன்."

"நம்ம வார்டுல வீட்டுக்கு ஒரு மந்துகாலு வீங்கிக் கிடக்கு. கொசு நம்ம பிள்ளைங்கள மட்டும் பாத்து ஒதுங்கிப் போச்சா?"

"நம்ம சப்போர்ட்டரா இருக்கும்" என்றேன்.

அவன் சிரித்துவிட்டுப் போனான். கெட்டிக்காரன். ஆனால் அவனும் கிளப் ஆள்தான்; விரும்பாத பதில் கிடைக்கக்கூடிய கேள்வியை அவன் இரண்டாவது தடவை கேட்பதில்லை.

ரோவர்ஸ் விஷயத்தில் நான் ஒரு எழுத்துக்கூடப் பொய்யாக எழுதவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அவர்களுடைய ரத்தம் ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. பதினெட்டுப் பேரில் நான்கு பேருக்குப் புழு இருந்தது. அதில் ஒருவன் அவர்களுடைய கோலி அந்தப்பன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், கதவு போல அகலம். நான்கு பெயரையும் அப்படியே எழுதினேன். நாள் மட்டும் பார்த்தேன். நாள் பார்க்காமல் எதையும் செய்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. பட்டியல் என் இழுப்பறையில் ஐந்து வாரம் இருந்தது. நாங்களும் ரோவர்ஸும் இறுதி ஆட்டத்துக்கு வந்ததும், செவ்வாய்க்கிழமை அதை அனுப்பினேன். புதன் காலை மாத்திரை கொடுத்தார்கள். ஆட்டம் சனிக்கிழமை.

அந்தப்பன் இரண்டு கம்பளிக்குள் கிடந்தான். மற்ற மூவரும் அப்படியே. ரோவர்ஸின் பெஞ்ச் ஆழமானது. அவர்களிடம் மாற்றுக் கோலி இருந்தான். ஆனால் அவனுக்கு மாலை வெயிலில் கண் கூசும். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கையில் தங்கப்பன் இடது ஓரத்திலிருந்து அடித்தான். அது கோலுக்கு அடித்ததா, நடுவிலிருந்த ஆளுக்குக் கொடுத்ததா என்பது பற்றி அழகரின் கடையில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. பந்து உள்ளே போயிற்று. அதன் பின் பரேடு மைதானத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெளிவாக நினைவில்லை. யாரோ என்னைத் தூக்கினார்கள். நான் யாரையோ கட்டிக்கொண்டேன். என் ஒரு செருப்பு போயிற்று.

ஷீல்டு முடிந்ததும் மருந்து கொடுத்திருக்கலாமே என்பீர்கள். நியாயம்தான். ஆனால் ஷீல்டு முடிந்தால் லீக். லீக் மார்ச் வரை. ஏப்ரல், மே ஆள் எடுக்கும் காலம், பார்க்க வருகிறவர்கள் முன்னால் ஆடிக் காட்ட வேண்டும். பிறகு மழை. அதற்குள் அடுத்த பட்டியல் வந்துவிடும். போன வருஷம் 'இல்லை' என்று எழுதிய ஐந்து பேருக்கும் ஒரே மூச்சில் 'உண்டு' என்று எழுதினால் மேலதிகாரி என் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்வார். 1959இலும் 'இல்லை' என்று எழுதினேன். அது முதல் வருஷத்தைவிடச் சுலபமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புழு இருக்கிற எல்லோருக்கும் கால் வீங்குவதில்லை. மாத்திரை தின்றால் வீங்கவே வீங்காது என்று எந்தப் புத்தகமும் உறுதி சொல்லவில்லை. நான் நிறையப் படிக்கிறவன். இதைத் தேடித் தேடிப் படித்தேன். விஞ்ஞானம் தயங்கும் இடத்தில் ஒரு சாதாரண லேப் ஆள் உறுதியாக இருப்பது அகம்பாவம்.

இப்போது அந்த இரண்டு காகிதங்கள்.

1960 மே மாதம் மதராஸிலிருந்து ஒரு பெரிய ஆலையின் அணி தங்கப்பனைக் கேட்டது. நிரந்தர வேலை, ஆலைக் குடியிருப்பில் வீடு. அவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். கொச்சி ஆள் என்பதால் இரவு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வேண்டும், எங்கள் அலுவலகத்திலிருந்தே வேண்டும். ஒரு நாள் இரவு தங்கப்பன் வந்து விரலை நீட்டினான். மறுநாள் மதியம் பேச்சியம்மாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். முந்தானையில் மிளகுத் தூசி. என் மேஜைக்கு இரண்டு கஜம் தள்ளி நின்றாள்.

"சாமி, மதராசுல வீடு குடுக்காங்களாம். வீட்டுக்குள்ளயே பைப்புல தண்ணி வருமாம்."

"கேள்விப்பட்டேன்."

"இவன் போயிட்டா உங்க கிளப்புக்குக் கஷ்டந்தான், எனக்குத் தெரியும். மேஸ்திரி ரெண்டு நாளா எங்கிட்டப் பேசல. நீங்க படிச்சவங்க. ரிப்போர்ட்டுல நல்லபடியா எழுதுங்க சாமி."

"உள்ளதை உள்ளபடி எழுதறேன், பேச்சியம்மா."

"அது போதும் சாமி" என்றாள். கை கூப்பிவிட்டு, திரும்பாமலே நான்கு அடி பின்னால் நடந்து, அப்புறம்தான் திரும்பினாள்.

உள்ளதை உள்ளபடி எழுதினேன். அவனுடைய சொட்டில் அறுபத்தேழு இருந்தது. அறுபத்தேழு என்று எழுதினேன். தங்கப்பனைப் பற்றி நான் எழுதிய முதல் உண்மையான ரிப்போர்ட் அது. டைப் அடித்து, மதராஸுக்கு அனுப்பி, கார்பன் நகலை ஃபைலில் வைத்தேன். நீங்கள் கண்டெடுத்தது அதைத்தான். ஏன் கிழித்துப் போடவில்லை என்று நேற்றுக் கேட்டீர்கள். அலுவலகத்தில் டைப் அடித்த எதற்கும் நகல் இருக்க வேண்டும் என்பது விதி. விதியை மீறி எனக்குப் பழக்கமில்லை.

மதராஸின் பதில் கிளப் விலாசத்துக்கு வந்தது, ஆங்கிலத்தில். கிளப்புக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களைப் படித்துச் சொல்வது நான்தான். அழகரின் கடையில் எல்லோர் முன்னாலும் பிரித்தேன். வைத்தியக் காரணத்தால் எடுக்க இயலாது என்று இரண்டு வரி. "அந்த இடத்துக்கு வேறு ஒரு லெப்ட் அவுட்டை எடுத்தாயிற்றாம்" என்று படித்தேன்.

தங்கப்பன் சாயா கிளாஸைக் கீழே வைத்தான். "அவன் நல்ல ஆட்டக்காரனா சாமி?" என்று கேட்டான்.

"உன் அளவுக்கு இருக்க மாட்டான்" என்றேன். அது என் மனப்பூர்வமான கருத்து.

அன்று மாலை அந்த வருஷத்து ஆள் எடுப்பை வழக்கம்போல அலசினோம். புதிதாக ஒருவரும் வரவில்லை. கோடவுனில் இடம் காலியாகவில்லை. அழகர் எல்லோருக்கும் இலவசமாகச் சாயா கொடுத்தார். "இந்த வருசத்துல நம்ம பெரிய எடுப்பு, போகாம நின்னவன்தான்" என்றார். மேஸ்திரி பேச்சியம்மாளோடு மறுபடி பேச ஆரம்பித்தார். எல்லாம் சுமுகமாயிற்று.

மதராஸுக்கு உண்மை தெரிந்த பிறகாவது பதிவேட்டைத் திருத்தி அவனுக்கு மருந்து கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏன் என்று கேட்பான். கேட்டால் மதராஸ் கடிதத்தில் என்ன இருந்தது என்பது வெளியே வரும். ஆகவே அந்த வருஷமும் பதிவேட்டில் 'இல்லை'. இதுதான் நீங்கள் கேட்ட இரண்டு முடிவுகளின் கதை. ஒன்று மதராஸுக்கு, ஒன்று மட்டாஞ்சேரிக்கு.

1962 மழைக்காலத்தில் தங்கப்பனுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. இடது தொடை இடுக்கில் நெறி கட்டியது. கணுக்கால் வீங்கும், இரண்டு நாளில் வடியும். அடுத்த வருஷம் வடியவில்லை. பூட்ஸ் ஏறவில்லை, வெறுங்காலோடு ஆறு ஆட்டம் ஆடினான். வேகம் போய்விட்டது. அவன் வலது பக்கம் ஆடலாமா என்று அழகரின் கடையில் ஒரு வாரம் விவாதித்தோம். 1964இல் காலை மடக்கித் தரையில் உட்கார முடியாமல் சாக்கு தைக்கும் வேலையும் போயிற்று. அந்த வருஷம்தான் புதிதாக ஒரு லெப்ட் அவுட்டுக்குக் கோடவுனில் இடம் கிடைத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அவன் செவ்வாய்தோறும் எங்கள் கிளினிக்குக்குக் காலைக் கழுவிக் கட்டுப் போட வருகிறான். நீங்களும் பார்த்தீர்கள். முழங்காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை வர்ணிக்க வேண்டியதில்லை. பேச்சியம்மாள்தான் கூட்டி வருகிறாள். அவளுக்கு என் மேல் இன்னும் மரியாதை. அவர்களைக் கண்டதும் வரிசையில் முன்னால் விடுகிறேன் என்பதால். போன மாதம் தங்கப்பன் கேட்டான்.

"சாமி, அந்தக் காலத்துல எல்லா வருசமும் எனக்கு இல்லன்னுதானே வந்துச்சு? பின்ன இது எப்ப உடம்புல கேறிச்சு?"

"கொசு எப்ப கடிச்சதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"அதும் செரியாக்கும்" என்று தலையாட்டினான். பிறகு ரோவர்ஸ் இந்த வருஷம் யாரை எடுக்கிறார்கள் என்று விசாரித்தான். பத்து நிமிஷம் பேசினோம். அவனுடைய மதிப்பீடுகள் எப்போதும் சரியாக இருக்கும்.

மற்ற நால்வரையும் பற்றிக் கேட்டீர்கள். கோலிக்கும் ஒரு பின்வரிசை ஆளுக்கும் வீங்கியிருக்கிறது. மற்ற இரண்டு பேருக்கு இதுவரை ஒன்றுமில்லை. ஐந்தில் இரண்டு பேருக்கு வீங்கவில்லை என்பதை நான் சொன்னதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம். வீங்கிய மூவரும் ஆட்ட நாட்களில் வந்துவிடுகிறார்கள். நிற்க முடியாதென்று கிளப் அவர்களுக்கு முன்னால் இடம் போட்டிருக்கிறது. இன்று எங்கள் பெஞ்சில் ஆள் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

ரோவர்ஸ்காரர்கள் நான்கு பேருக்கும் கால் நன்றாக இருக்கிறது. இது தற்செயலாகவும் இருக்கலாம். போன ஓணத்தின்போது வைப்பின் தீவிலிருந்து வந்த படகில் அந்தப்பனைப் பார்த்தேன். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, படகு கரையைத் தொடும் முன்னே குதித்தான். கரையேறி வந்து, துறையில் நின்ற என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். நாங்கள் கொடுத்த மருந்தால்தான் தன் கால் பிழைத்ததாம். அவன் அண்ணனுக்கு அப்படி அமையவில்லையாம். அவன் நன்றி சொன்னபோது எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. ரோவர்ஸ்காரர்களுக்கு எப்போதுமே எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

இவ்வளவையும் செய்தது நான் ஒருவன்தான். ஆறுச்சாமிக்குத் தெரியாது, மேஸ்திரிக்குத் தெரியாது, அழகருக்கும் தெரியாது. ஐந்து பேருடைய ரத்த முடிவை ஆறு வருஷம் பொய்யாக எழுதினேன். கிளப்பிலிருந்து எனக்கு இதற்காக ஒரு சாயாகூடத் தனியாகக் கிடைத்ததில்லை. சொந்த லாபம் எதுவும் இல்லை என்பதைத் தயவுசெய்து தனிப் பத்தியாகக் குறிப்பிடுங்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரு காரியத்துக்காக, மருந்தின் பலன் நிச்சயமில்லாத ஒரு காலத்தில், நேரமே கிடைக்காத ஒரு ஆட்டக் காலண்டரை வைத்துக்கொண்டு முடிவெடுத்தேன்.

நேற்று நீங்கள் கிளம்பும்போது கதவருகே நின்று கடைசியாக ஒன்று கேட்டீர்கள்: அந்த மாத்திரையில் அப்போது எனக்கே நம்பிக்கை இருந்ததா என்று. எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

1959இல் ஒரு நாள் இரவு என் விரலையும் நானே குத்திப் பார்த்தேன். ஒரு சொட்டில் ஆறு இருந்தது. மறுநாளே மாத்திரையைத் தொடங்கினேன். பன்னிரண்டு நாளும், ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டேன். மூன்று நாள் நல்ல காய்ச்சல். அனந்தலக்ஷ்மி கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அது ஜூலை மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்தது, இரண்டு மாதத்துக்கு எந்தக் கிளப்புக்கும் ஆட்டம் கிடையாது. ஆகவே லீவு எடுப்பதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை.